சீனத்துக் கிழவரும் அழுகின மரவள்ளியும்

என் தங்கச்சி மகன் பெங்களூரில் இருக்கான். ஒன்பது வருஷமா ஒரே கம்பெனி. மார்கழி பிறந்த வாரம் அவனுக்கு வேலை போயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி என் போனுக்கு ஒரு படம் அனுப்பினான். மூடுபனிக்குள்ள ஒரு மலை, அடியில் ஒரு குடிசை, வேலியோரம் செவ்வந்திப் பூ, அதைப் பார்த்துக்கிட்டு நிக்கிற தாடிக்காரக் கிழவர். படத்துக்குக் கீழ இங்கிலீஷில் நாலு வரி. அதுக்கும் கீழ அவன் எழுதினது: "மாமா, நானும் ஊருக்கே வந்துடட்டுமா? நீங்கல்லாம் கொடுத்து வச்சவங்க."

மூணு நாள் நான் பதில் போடலை. கோவமெல்லாம் இல்லை. அந்த மூணு நாளும் அழுகின மரவள்ளியைப் பிடுங்கி வரப்போரம் குவிச்சுக்கிட்டிருந்தேன். சோப்பு போட்டுக் கழுவினாலும் கையில் அந்த நாத்தம் போகாது. போனை எடுக்கவே தோணலை.

இதில் என் பங்கும் இருக்கு. அந்தக் கிழவரை அவனுக்கு அறிமுகப்படுத்தினதே நான்தான். கொரோனா சமயத்தில் அவன் இங்கே வந்து ஏழெட்டு மாசம் திண்ணையில் லேப்டாப்பை வச்சுக்கிட்டு வேலை பார்த்தான். அப்போ என்கிட்ட இருந்த ஒரு பழைய புத்தகத்தைக் கொடுத்தேன். ஆர்தர் வேலி என்கிற இங்கிலீஷ்காரர் மொழிபெயர்த்து 1918ல் வந்த நூத்தி எழுபது சீனக் கவிதைகள். காலேஜ் படிக்கிற காலத்தில் திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் வாங்கினது, அட்டைகூட இல்லை. போகும்போது அதை எடுத்துக்கிட்டே போயிட்டான். அவன் அதில் பார்த்தது மலையையும் பனியையும். நான் பார்த்தது வேற. அந்த வித்தியாசத்தை அவன்கிட்ட போனில் சொல்ல வரலை, அதனால எழுதறேன். "பேர் மட்டும் போடாதீங்க மாமா"ன்னு சொல்லியிருக்கான்.

முதல்ல மழையைச் சொல்லிடறேன். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்துச்சு. கடந்த கையோட போயிருந்தா பரவாயில்லை. நகராம நின்னு, அப்புறம் ஆமை மாதிரி விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைன்னு உள்ளே வந்து கொட்டுச்சு. டிசம்பர் 2 விடியக்காலம் சாத்தனூர் அணையிலேருந்து தென்பெண்ணையில் 1.5 லட்சம் கன அடிக்கு மேல தண்ணி வந்தது. ஆத்தோரத்து ஜனங்க பட்ட பாட்டை எல்லாரும் டிவியில் பார்த்திருப்பீங்க. சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலைக்குக் கீழ இருக்கிற எங்க பக்கம் ஓடைதான். ஓடைத் தண்ணியைப் படம் பிடிக்க யாரும் வர மாட்டாங்க.

மரவள்ளி பத்து மாசப் பயிர். தை, மாசியில் கரணை நட்டா கார்த்திகை, மார்கழியில் கிழங்கு வெட்டலாம். என் ஒண்ணரை ஏக்கர் வெட்டுக்குத் தயாரா நின்னுச்சு. சேகோ ஆலைக்கு எடுக்கிற வியாபாரி வந்து ரெண்டு செடியைப் பிடுங்கி, கிழங்கை உடைச்சுப் பார்த்துட்டு, பாயிண்ட் நல்லா வரும்னு சொல்லிட்டுப் போனார். பாயிண்ட்னா கிழங்கில் இருக்கிற மாவோட அளவு. விலை அதை வச்சுத்தான். வெள்ளிக்கிழமை வெட்டலாம்னு பேச்சு, ஆளும் சொல்லியாச்சு. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வானம் பொத்துக்கிச்சு. அஞ்சு நாள் தண்ணி நின்னது. மரவள்ளி வெயிலைத் தாங்கும், வேர்ல தண்ணி நின்னா தாங்காது. முதல் ரெண்டு நாள் இலையெல்லாம் பச்சையா, ஒண்ணுமே நடக்காத மாதிரி நின்னுச்சு. அப்புறம் ஒரு செடியை ஆட்டிப் பார்த்தேன். கிழங்கு கொழகொழன்னு கையோட வந்துச்சு. ஏக்கருக்கு 40,000 ரூபாய்க்கு மேல போட்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் மூடுபனிப் படம் வந்து சேர்ந்தது.

சரி, கிழவர் கதைக்கு வருவோம். அவர் பேர் தாவோ யுவான்மிங். கி.பி. 365 வாக்கில் பிறந்தவர்னு சொல்றாங்க. லூ மலைக்குப் பக்கத்து ஊர். அரசாங்கத்தில் சின்னச் சின்ன வேலை பார்த்தார். 405ல் பெங்ஸே என்கிற ஊருக்கு அதிகாரியாப் போனார். எண்பது நாள் சொச்சம்தான் இருந்தார். மேலதிகாரி ஒருத்தர் சோதனைக்கு வர்றார், இடுப்புக் கச்சை கட்டிக்கிட்டுப் போய்க் கும்பிட்டு நில்லுங்கன்னு சொல்லியிருக்காங்க. அஞ்சு மரக்கா அரிசிச் சம்பளத்துக்காக அவன் முன்னாடி நான் வளையறதான்னு முத்திரையைக் கழட்டி வச்சுட்டு ஊருக்குக் கிளம்பிட்டார். இது சரித்திரத்தில் எழுதியிருக்கிற கதை. அவரே எழுதின முன்னுரையில் தங்கச்சி செத்துப்போன துக்கத்தையும் சொல்றார். ரெண்டுமே இருந்திருக்கும். யாரும் ஒரே காரணத்துக்காக வேலையை விடறதில்லை.

வேலைக்குச் சேர்ந்த காரணத்தையும் அதே முன்னுரையில் ஒளிக்காமச் சொல்லியிருக்கார். வெள்ளாமை குடும்பத்துக்குப் பத்தலை, வீடு நிறைய சின்னப் பிள்ளைங்க, ஜாடியில் தானியம் இல்லை. அதனாலதான் போனேன்கிறார். இதைத்தான் என் மருமகன் கவனிக்கணும். நகரத்தை விட்டுட்டு இயற்கைக்குத் திரும்பின ஞானின்னு படம் போடறாங்களே, அந்த மனுஷன் காட்டிலேருந்து வயித்துக்காக ஆபீஸுக்குப் போனவர், ஆபீஸ்லேருந்து மானத்துக்காகக் காட்டுக்குத் திரும்பினவர். ரெண்டு பக்கத்துக் கஷ்டமும் அவருக்குத் தெரியும்.

திரும்பி வந்து என்ன சுகப்பட்டார்? மலை அடிவாரத்தில் பயறு விதைச்சார், பயிரைவிடக் களை ஜாஸ்தியா வந்ததுன்னு அவரே எழுதி வச்சிருக்கார். 408ல் வீடு எரிஞ்சுபோய், குடும்பத்தோட படகில் தங்கியிருந்தார். வயசு ஐம்பத்து நாலாகும்போது நண்பர்களுக்கு ஒரு கவிதை எழுதினார். அதில் தீ, காத்து, மழை, பூச்சி எல்லாம் வரிசையா வருது. வயல் நடுவில் புழு வந்து தின்ன கதையைச் சொல்றார். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தின ஆள், குருத்துப்பூச்சியைப் பத்திப் பேசறார்! கோடையில் பகல் முழுக்கப் பசி, குளிரில் போர்வை இல்லாத ராத்திரி, எப்படா கோழி கூவும்னு கிடக்கிறது. ஒரு தடவை பசி தாங்காம ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டிட்டு, என்ன கேக்கறதுன்னு தெரியாம நின்னதையும் எழுதியிருக்கார். மகன்கள் அஞ்சு பேர், ஒருத்தனுக்கும் படிப்பு ஏறலைங்கிற புலம்பல் தனி. அதைப் படிச்சுட்டு நான் தனியா உட்கார்ந்து சிரிச்சிருக்கேன்.

வீடு எரிஞ்சதைப் பத்தின கவிதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. தீப்பிடிச்சுக் கொஞ்ச நாள் ஆகியிருக்கு. தோட்டம் திரும்பத் துளிர்க்குது. பயந்து ஓடின பறவைங்க இன்னும் வரலை. ராத்திரி நிலாவைப் பார்த்துக்கிட்டு, தான் வாழ்ந்த வாழ்க்கையை யோசிக்கிறார். யோசனை பழைய பொற்காலம், ராஜா காலம்னு எங்கெங்கேயோ போகுது. கவிதை முடியற இடத்தில் மனுஷன் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சக் கிளம்பிடறார்.

அமைதி அமைதின்னு நீங்க தேடறது இந்தக் கடைசி வேலையிலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். மனசு ஆறினதுக்கப்புறம் தண்ணி பாய்ச்சப் போகலை. ஆறாத மனசோடதான் போறார். எனக்கும் அப்படித்தான் நடந்தது. முதல் நாள் வயலுக்குள்ள இறங்கவே பிடிக்கலை. வரப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்கும் மிஞ்சாதுன்னு தெரிஞ்சே போட்டேன். சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் தேறலை. மறுநாள் வீட்டுக்காரி ஒண்ணும் பேசாம மண்வெட்டியோட இறங்கி வடிகால் வெட்ட ஆரம்பிச்சா. நானும் இறங்கினேன். மூணாம் நாள் கிழங்கு பிடுங்கறப்ப நிமிர்ந்து பார்த்தா கல்வராயன் மலை கழுவி விட்ட மாதிரி நீலமா நின்னுச்சு. அஞ்சு நாளா அது இருந்ததே எனக்குத் தெரியலை. அந்த நேரத்தில் எனக்கு அழகுன்னு தோணலை, அது பாட்டுக்கு இருக்குதுன்னு தோணுச்சு. அவ்வளவுதான். ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

மலையைப் பார்த்துக்கிட்டே இருந்தா மனசு ஆறிடும்னு சொன்னா எனக்குச் சந்தேகம்தான். மலை எங்களுக்கு எதிர்லயே இருக்கு, தினமும் பார்க்கிறோம். மலை மேல இருக்கிற ஜனங்களுக்குக் கேக்கவே வேண்டாம். ஜாகீர் பிடியிலேருந்து அவங்க விடுபட்டதே 1976ல்தான். அவங்ககிட்ட போய் இயற்கை மடியில் இருக்கீங்கன்னு சொல்லிப் பாருங்க.

வாங் வெய்னு இன்னொரு பெரிய கவி உண்டு, எட்டாம் நூற்றாண்டு. காலி மலை, பாசி மேல விழுற வெயில், அந்த மாதிரி. நகரத்து நண்பர்கள் பலருக்கும் இவரைத்தான் பிடிக்குது. எனக்குக் கொஞ்சம் பொறாமை. சம்பளமும் இருந்தது, மலைப்பக்கம் பண்ணை வீடும் இருந்தது. ஆனா அவருக்கும் முப்பது வயசு வாக்கில் மனைவி போயிட்டா, மறு கல்யாணம் பண்ணலை, கலகக்காரங்க பிடிச்சு அடைச்சும் வச்சாங்க. வசதிக்காரன் துக்கம் துக்கம் இல்லைன்னு சொல்ற அளவுக்கு நான் போகலை.

வேலை போனவனுக்கு நான் சிபாரிசு செய்யறது சூ ஷியை. தாவோவுக்கு அறுநூறு, எழுநூறு வருஷம் பின்னாடி வந்தவர். 1079ல் அரசாங்கத்தைக் கிண்டல் பண்ணி எழுதினார்னு அவர் கவிதைகளையே சாட்சியா வச்சுப் பிடிச்சு உள்ளே போட்டாங்க. தலை தப்பினதே பெரிசு. மறு வருஷம் ஹுவாங்ஜோ என்கிற ஊருக்குத் துரத்திட்டாங்க. பேருக்குத்தான் பதவி, வருமானம் இல்லை. பெரிய அதிகாரியா இருந்தவர், குடும்பம் பெரிசு. என்ன பண்ணினார் தெரியுமா? மாசம் பிறந்தா 4,500 காசு எடுத்து முப்பது கட்டாக் கட்டி உத்தரத்தில் தொங்க விட்டுடுவார். தினமும் காலையில் கோலால ஒரு கட்டை இறக்குவார். 150 காசு, அன்னைக்குச் செலவு அவ்வளவுதான். கோலை ஒளிச்சும் வச்சுடுவார். மிச்சம் பிடிச்சதை ஒரு மூங்கில் குழாய்க்குள்ள போட்டு, விருந்தாளி வந்தா அதிலேருந்து எடுப்பார். மருமகனே, உன் வீட்டுக் கடன் தவணைக்கு இந்தக் கணக்கு உதவாதுதான். ஆனா சீனக் கவிதையோட அமைதிக்குப் பின்னாடி இப்படி ஒரு உத்தரமும் முப்பது கட்டும் தொங்குது.

அதுவும் பத்தலைன்னு ஒரு நண்பர் அவருக்குப் பழைய ராணுவ முகாம் இருந்த தரிசு நிலத்தை வாங்கிக் கொடுத்தார். முள்ளும் ஓட்டாஞ்சில்லும் கிடந்த இடம், மழையும் பொய்ச்ச வருஷம். அந்தக் கிழக்குச் சரிவைத் திருத்திக் கோதுமை விதைச்சார். கிழக்குச் சரிவுக்குச் சீனத்தில் தோங்போ. அதையே தன் பேரா வச்சுக்கிட்டார். இன்னைக்கும் உலகம் அவரை சூ தோங்போன்னுதான் சொல்லுது. பயிர் நல்லாத் தழைச்சதைப் பார்த்துப் பூரிச்சிருக்கார். பக்கத்து விவசாயி ஒருத்தர் வந்து, இவ்வளவு தழைய விடாதீங்க, கதிர் வேணும்னா ஆடு மாட்டை விட்டு ஒரு மேய்ச்சல் மேய்க்கணும்னு சொன்னாராம். சக்கரவர்த்தி சபையில் இருந்தவர், அந்த விவசாயிக்கு ரெண்டு கும்பிடு போட்டதா எழுதியிருக்கார். எனக்கு அந்த இடத்தைப் படிச்சதும் கண்ணில் தண்ணி வந்துடுச்சு. எங்க ஊருக்கு இயற்கை விவசாயம் பண்ணணும்னு வர்ற தம்பிங்க முதல் வாரமே எங்களுக்கு யூடியூப் பார்த்துப் பாடம் எடுக்கிறாங்க. இவர் கேட்டுக்கிட்டார்.

நீங்க அடிக்கடி பகிர்ற இவரோட மழைக் கவிதை இருக்கே, குடை இல்லாம நனைஞ்சுக்கிட்டே நிதானமா நடந்து போறது, அது 1082ல் எழுதினது. அன்னைக்கு அவர் எங்கே போனார்? வாங்கலாம்னு நினைச்ச நிலத்தைப் பார்க்கப் போனார். அந்தப் பயணத்தில் உடம்புக்கும் முடியாமப்போய் வைத்தியர்கிட்ட கை காட்ட வேண்டி வந்தது. நிலம் பார்க்கப் போய் நனைஞ்சவர் என்கிறதால எனக்கு அந்தக் கவிதை இன்னும் நெருக்கமாயிடுச்சு. கடைசிக் காலத்தில் இன்னும் தெற்கே, ஹைனான் தீவு வரைக்கும் துரத்தினாங்க. அப்போ அவருக்குத் துணையா இருந்தது தாவோவோட கவிதைகள். ஒவ்வொண்ணுக்கும் அதே சந்தத்தில் பதில் கவிதை எழுதினார், நூறுக்கு மேல. வேலையை விட்டவர் எழுதினதை, வேலை பறிபோனவர் படிச்சுத் தேறியிருக்கார்.

நம்ம ஊரில் இல்லாததையா சீனாவில் தேடறேன்னு தமிழாசிரியர் நண்பர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. நம்ம மாவட்டத்திலேயே திருக்கோவிலூரில் தென்பெண்ணைக்குள்ள கபிலர் குன்று நிக்குது. குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூத்தொம்பது பூவை வரிசையாச் சொன்னவர் அவர். மலையை அவர் பார்த்த மாதிரி பார்த்தவங்க குறைவு. ஆனா பாரி போனதுக்கப்புறம், அவன் மகள்களுக்கு ஒரு வழி பண்ணிட்டு, அவர் உயிரை வச்சிருக்கலை. வடக்கிருந்தார்னு ஒரு மரபு. அங்கே வீரட்டானேஸ்வரர் கோயிலில் இருக்கிற ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு தீப்புகுந்தார்னு சொல்லுது. அவ்வளவு பூவும் மலையும் அவரைப் பிடிச்சு நிறுத்தலை. அவர் பண்ணினது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது, நண்பனுக்காக அப்படிப் போறவன் கோடியில் ஒருத்தன். ஆனா கடன் வாங்கின விவசாயி ஒருத்தன் அந்த வழியில் போனான்னா அடுத்த நாள் பேப்பரில் மூலையில் ரெண்டு வரி வரும், அவ்வளவுதான். அதனால எனக்குத் தண்ணி பாய்ச்சக் கிளம்பின கிழவர் வேணும். கபிலரைக் கும்பிடறேன், தாவோவைக் கூட வச்சுக்கறேன். ஆத்தில் போற தெப்பம் மாதிரி உயிர் போகும்னு புறநானூத்தில் சொன்ன கணியன் பூங்குன்றனார் இவங்களுக்கு நடுவில் எங்கேயோ இருக்கார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கிழவரோட எனக்கு ஒத்துப்போகாது. மது. குடியைப் பத்தியே இருபது கவிதை கொண்ட ஒரு தொகுதி எழுதியிருக்கார். முன்னெல்லாம் ரசிச்சுத்தான் படிப்பேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபது பேருக்கு மேல விஷச் சாராயத்தில் போனாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கங்களைத் தாண்டிடறேன். கவிதை மேல குத்தம் இல்லை. இந்த மாவட்டத்தில் உட்கார்ந்துக்கிட்டு அதைப் படிக்க முடியலை.

இப்போ முக்கியமான சங்கதி. ஏத்துக்கிறதுன்னா எதை? புயலை ஏத்துக்கிட்டேன். வேற வழி இல்லை, அதுக்கு என் மேல பகையும் இல்லை. ஆனா பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம்னு அரசு அறிவிச்சது. கணக்கெடுக்க வந்தவர் ரோட்டில் வண்டியை நிறுத்தாமலே, இலை பச்சையாத்தானே இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டார். லிஸ்ட்டில் என் பேர் இல்லை. ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வராத பணம்தான். அதை நான் ஏத்துக்கலை. அழுகின கிழங்கைப் போட்டோ எடுத்து மனுவோட சேர்த்து ரெண்டு தடவை கொடுத்திருக்கேன், மூணாவது தடவையும் போவேன். கவிதை படிக்கிற ஆளு இப்படி மல்லுக்கு நிக்கலாமான்னு யாரும் கேக்க வேண்டாம். தாவோ மேலதிகாரி முன்னாடி வளையாதவர். அவர் கற்பனை பண்ணின பீச் மலர் ஊற்றுக் கிராமத்தில் முக்கியமான விசேஷமே அங்கே வரி வசூலிக்க யாரும் வர மாட்டாங்கங்கிறதுதான். அவருக்கும் முன்னாடி, சீனாவோட சங்க இலக்கியம்னு சொல்லத்தக்க கவித்தொகையில் 305 பாட்டு இருக்கு. அதில் ஒண்ணு தானியம் தின்னுற எலியைப் பார்த்துச் சொல்றது. எலி யாருன்னு அந்தக் காலத்திலேயே எல்லாருக்கும் தெரியும், வரி பிடுங்கறவங்க. கவித்தொகைப் பாடல்களைப் பயணி என்கிறவர் சீனத்திலேருந்தே நேராத் தமிழுக்குக் கொண்டு வந்திருக்கார். 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை'ன்னு காலச்சுவடு போட்ட புத்தகம். இங்கிலீஷ் வழியாச் சுத்தி வர வேண்டியதில்லை.

உன்னை எந்தக் காரணமும் சொல்லாம ஒரு மெயிலில் அனுப்பினாங்களே மாப்ளே, அதையும் புயல் கணக்கில் எழுதாதே. அது மனுஷங்க உட்கார்ந்து எடுத்த முடிவு. சேர வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தா கேட்டு வாங்கு. அதுக்கப்புறம் ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுக்கிட்டு நாம எங்கே தப்பு பண்ணினோம்னு யோசிக்கிறியே, அங்கே வேணும்னா கிழவரைக் கூப்பிட்டுக்கோ.

ஊருக்கு வரட்டுமான்னு கேட்டே. வா. உன் அம்மாவும் தினம் கேக்குது. ஆனா அந்தப் படத்தை நம்பி வராதே, வேலையைத் தேடறதையும் நிறுத்தாதே. ஒண்ணரை ஏக்கரில் ரெண்டு குடும்பம் சாப்பிட முடியாதுன்னு உனக்கே தெரியும். மேட்டுப் பக்கம் தண்ணி நிக்காத இடத்தில் கொஞ்சம் செடி தப்பிச்சிருக்கு. அந்தக் குச்சியை வெட்டிப் புளியமரத்து நிழலில் கட்டிக் கட்டி சாத்தி வச்சிருக்கேன். பொங்கல் கழிச்சு அதைக் கரணையா நறுக்கி நடணும். ஒரு சாண் நீளம், கணு எண்ணி வெட்டணும், தலைகீழா நட்டுடக் கூடாது. வெட்ட ரெண்டு கை குறையுது. வரும்போது என் புத்தகத்தையும் எடுத்துட்டு வா.